பிள்ளையார் சுழி போட்ட சீட்டு

உட்காருங்க சார், உட்காருங்க. டவுன் பஸ்ஸுக்கா? நாலே முக்காலுக்கு வரும்னு போர்டுல எழுதியிருக்கு. பஸ்ஸுக்குப் படிக்கத் தெரியாது, அது பாட்டுக்கு வரும். அந்த அட்டைப்பெட்டியை இப்படி நிழல்ல வைங்க. என்ன, கோழிக்குஞ்சா? கீச்கீச்னு கத்துதே. கத்தட்டும், கத்தட்டும். பத்து நாளா ஊரே அப்படித்தான் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு.

எதிர்த்தாப்புல பள்ளிக்கூடம் தெரியுது பாருங்க, வாசல்ல போலீஸ்காரர் கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிறாரே, அதுதான் பூத். அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க. நான் இன்னும் போடல. காலையில ஏழு மணிக்கே வந்துட்டேன், ஆனா இந்த நிழற்குடையைத் தாண்டல. வரிசை குறையட்டும்னு உட்கார்ந்தேன். வரிசை மத்தியானமே குறைஞ்சாச்சு. இப்போ அங்கே நாய்கூட நிக்கல. நான் மட்டும் இங்கே.

அந்தச் சுவத்துல போஸ்டர் பார்த்தீங்களா? கண்ணாடி போட்டுக்கிட்டு, சிரிக்கிறதா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு ஒரு அம்மா கும்பிடுதே? வள்ளிக்கண்ணு அடைக்கலம். நான்தான் அந்த அடைக்கலம். அது என் சம்சாரம். அஞ்சு வருஷமா இந்த ஊராட்சிக்குத் தலைவி. போன தடவை அவளை ஜெயிக்க வச்சது யாருங்கிறீங்க? நான்தான் சார். நான் மட்டும் அன்னைக்கு... சரி, அதை ஒழுங்கா முதல்லேருந்து சொல்லணும்.

சொல்லட்டுமா? உங்ககிட்டச் சொல்லலாம். ஊர்ல என் பேச்சை ஒருத்தனும் நம்பறதில்லை. நான் உண்மையைச் சொன்னாலும் "அண்ணே, அடுத்ததை எடுத்து விடுங்க"ன்னு சிரிக்கிறானுங்க. நீங்க பஸ் ஏறிப் போற ஆளு. உங்ககிட்டச் சொன்னா கெணத்துல போட்ட கல்லு. இது பொய்யில்லை சார். இதுல பொய்யிருந்தா என் மீசையை எடுத்துக்கறேன். ஏன் பார்க்கறீங்க? மீசையைக் காணோமேன்னா? அது போன பந்தயத்துல போச்சு.

இருபத்து மூணு வருஷம் லாரி ஓட்டினவன் நான். நாக்பூர், இந்தூர்னு அந்தப் பக்கம். ஒரு தடவை மலையிறக்கத்துல பிரேக் பிடிக்கல. முன்னால புலி ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்கே நடந்து போகுது. ஹாரன் அடிச்சேன். திரும்பிப் பார்த்துச்சு. நம்பர் பிளேட்டைப் படிச்சுது. தமிழ்நாட்டு வண்டின்னு தெரிஞ்சதும் ஓரமா ஒதுங்கி... சரி சரி, சிரிக்காதீங்க. அது வேற கதை. இது வேற.

லாரி எனக்கு ரெண்டு பழக்கத்தைக் குடுத்துச்சு. ஒண்ணு, சட்டைப்பையில பேனா. பேனா வச்சிருக்கிற டிரைவரை செக்போஸ்ட்ல "வாங்க"ம்பான், இல்லாதவனை "வா"ம்பான். பேனா இல்லாம நான் வெளியே கெளம்பினது கெடையாது. இதோ பாருங்க, இப்பவும் இருக்கு. ரெண்டாவது, எங்கே காகிதத்தைக் கண்டாலும் மேலே பிள்ளையார் சுழி. அது எங்கப்பா போட்டுவிட்ட பழக்கம், லாரியில முத்திப் போச்சு. டிரிப் சீட்டா, சுழி. குடோன் ரசீதா, சுழி. இந்திக்காரன் நீட்டுற பாரமா, அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது, இருந்தாலும் முதல்ல சுழி. கை அது பாட்டுக்குப் போடும். மூளைகிட்டக் கேட்காது.

என் சுழி மத்தவங்க சுழி மாதிரி இருக்காது சார். வாலை மேலே தூக்கி ஒரு சுத்து சுத்துவேன். கீழே ரெண்டு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு புள்ளி. தேள் கொடுக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாப்புல இருக்கும். வீட்டுக்கு மாசம் ரெண்டு இன்லேண்டு லெட்டர் போடுவேன், விலாசத்துக்கு மேலேயும் அந்தத் தேளு நிக்கும். அப்போ வள்ளிக்கு எழுத்து தெரியாது. தபால்காரர் படல்கிட்ட நின்னு லெட்டரைத் தூக்கிக் காட்டுவாராம். இவ அடுப்படியிலேருந்தே தேளைப் பார்த்துடுவாளாம். "ஆளு உசிரோட இருக்காரு. உள்ளே எழுதியிருக்கிறதை யாரையாச்சும் விட்டு நாளைக்குப் படிச்சுக்கிறேன்"னு சொல்லிட்டு உலையைப் பார்க்கப் போயிடுவாளாம்.

அப்புறம் அறிவொளி வந்துச்சு. எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா. கூடவே சைக்கிளும் கத்துக்கிட்டா. ஒரு தடவை நான் ஊருக்கு வந்து இதே எடத்துல பஸ்ஸைவிட்டு இறங்குறேன், சைக்கிளோட நிக்கிறா. "ஏறுங்க"ன்னா. பின்னால உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனா சார், லாரி டிரைவரை! அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

சரி, தேர்தலுக்கு வர்றேன். தலைவர் பதவிக்கு நான் மூணு தடவை நின்னவன். முதல் தடவை நூறு ஓட்டுல தோத்தேன். அடுத்த தடவை இருநூறு. மூணாம் தடவை நானூறு. வளர்ச்சியைப் பார்த்தீங்களா? கடைசி ரெண்டு தடவையும் என்னைத் தோக்கடிச்சவன் திருமேனி. பத்து வருஷம் அவன்தான் தலைவன். அஞ்சு வருஷத்துக்கு முன்னால பதவியைப் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. திருமேனி உடனே தன் சம்சாரம் கண்மணியை நிறுத்தினான். பாவம், வாயில்லாத புள்ள. நானும் வள்ளியை நிறுத்தினேன். பேருக்கு அவ, நாற்காலிக்கு நான். எல்லா ஊர்லயும் நடக்குறதுதானே? "நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததை நான் பார்த்துக்கறேன்"னேன். அவ ஒண்ணும் பேசல. பேசலேன்னா சரின்னுதானே அர்த்தம்? ஆறு வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்தேன்.

அவளுக்குப் பூட்டு சாவி சின்னம். கண்மணிக்கு ஆட்டோ. நான் பிரசாரத்துக்கு டவுன்லேருந்து மைக்செட் கட்டின ஆட்டோ ஒண்ணைப் பேசிட்டு வந்தேன். தெருத்தெருவா ஆட்டோவுல போய், "ஆட்டோவுக்கு ஓட்டுப் போடாதீங்க"ன்னு கத்தினேன். மூணாம் நாள் திருமேனி வழியை மறிச்சு, "அண்ணே, டீசலுக்கு நான் ஏதாச்சும் தரட்டுமா?"ன்னு கேட்டான். அப்போதான் உறைச்சுது.

வள்ளி ஆட்டோவுல ஏறவே இல்லை. சைக்கிள்ல போனா. வீடு வீடா உட்கார்ந்து, தண்ணி எப்போ வருது, எத்தனை கொடம் பிடிக்கிறீங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தா. ஓட்டுப் போடுங்கன்னு கடைசியில ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இப்படிக் கேட்டா எவன் போடுவான்னு நான் நெனைச்சேன்.

பிரசாரம் முடியற அன்னைக்குச் சாயங்காலம், மந்தையில கூட்டம். நான் அரை மணி நேரம் பேசினேன். புலிக்கதையும் சொன்னேன். கைதட்டு வானத்தைப் பொளந்துச்சு. அப்போ திருமேனி ஆளு ஒருத்தன் பின்னாலேருந்து குரல் விட்டான்: "ஓட்டு வள்ளியக்காவுக்கு, நாற்காலி அடைக்கலண்ணனுக்கா? அப்போ ஆபீஸ்ல புலிக்கதைதான் நடக்குமா?"

ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வள்ளி எந்திரிச்சு வந்து என் கையிலேருந்து மைக்கை வாங்கினா. வாங்கினான்னா பிடுங்கல சார், வாங்கினா. கொழந்தை கையிலேருந்து கத்தியை வாங்குற மாதிரி.

"நான் ஜெயிச்சா நாற்காலியில நான்தான் உட்காருவேன். எங்க வீட்டுக்காரரு வந்தாருன்னா, ஆபீஸ் வாசல்ல ஊர்க்காரங்க உட்கார்ற பெஞ்சு இருக்கு. அதுல உட்காரட்டும். தண்ணி வேணும்னா பானையில இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. பொம்பளைங்க எந்திரிச்சு நின்னு தட்டினாங்க சார். புலிக்கு விழுந்த கைதட்டெல்லாம் அதுக்கு முன்னால தூசு. நான் புதுச்சட்டையில நின்னுக்கிட்டிருந்தேன். ஆறுல முதல் சட்டை.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "என்ன வள்ளி, ஊர் முன்னால இப்படிச் சொல்லிட்டே?" "ஊர் கேட்டுச்சு, சொன்னேன்"னா. "நீங்க கேட்டிருந்தா வீட்டிலேயே சொல்லியிருப்பேன்"னா. என்ன பேச்சு இது?

ரெண்டு நாள் கழிச்சு ஓட்டு. இதே பள்ளிக்கூடம். கலர் கலரா சீட்டு குடுத்தாங்க, தலைவர் பதவிக்கு ரோஸ் கலர். முத்திரையை வாங்கிக்கிட்டு அட்டை மறைப்புக்குள்ளே போனேன். முத்திரையைக் கையில எடுத்ததும் அந்தக் கைதட்டு சத்தம் மறுபடி காதுல கேட்டுச்சு சார். பெஞ்சு. தண்ணி பானையில இருக்கு. சாவியைப் பார்த்தேன். ஆட்டோவைப் பார்த்தேன். ஒரு ஓட்டுதானே? ஒத்த ஓட்டுல என்ன ஆயிடப் போகுது? ஆட்டோ மேல குத்திட்டேன்.

இப்படிப் பார்க்காதீங்க சார். கோழிக்குஞ்சுகூடக் கத்துறதை நிறுத்திடுச்சு பாருங்க.

வெளியே வந்தா, வாசல்ல வள்ளி நின்னுக்கிட்டிருக்கா. "போட்டாச்சா?"ன்னா. "போட்டாச்சு"ன்னேன். "வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க"ன்னா.

மூணு நாள் கழிச்சு எண்ணிக்கை. யூனியன் தலைமையிடத்துல பெண்கள் பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில எங்க ஊர். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அதிகாரிங்க, இந்தப் பக்கம் நாங்க. வள்ளி, நான் அவளுக்கு ஏஜெண்டு. கண்மணி, திருமேனி அவளுக்கு ஏஜெண்டு. தேர்தல் அதிகாரி ஒரு அம்மா, சளி பிடிச்சு குரல் கட்டிப்போய் இருந்தாங்க. பெட்டியைக் கொட்டினாங்க. கலர் கலராப் பிரிச்சாங்க, கட்டுக் கட்டாக் கட்டினாங்க. சாவி ஒரு பக்கம் ஏறுது, ஆட்டோ ஒரு பக்கம் ஏறுது. ஒரு கட்டுல இவ முன்னால, அடுத்த கட்டுல அவ முன்னால. அப்போ எனக்கு என்ன வேண்டியிருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, சத்தியமா இவ ஜெயிக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். குத்தின கை வேற, கும்பிட்ட கை வேற.

கடைசியில சாவி அறுநூத்து முப்பத்து நாலு. ஆட்டோ அறுநூத்து முப்பத்து மூணு.

ஒரு ஓட்டு சார்! நான் வள்ளி கையைப் பிடிச்சேன். அவ கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. அப்போதான் திருமேனி, "மேடம், செல்லாத சீட்டையெல்லாம் காட்டுங்க"ன்னான். பத்தொம்பது சீட்டு. ஒண்ணொண்ணாத் தூக்கிக் காட்டுறாங்க. ரெண்டு சின்னத்துலயும் குத்தினது, நடுக்கோட்டுல குத்தினது, குத்தாமலே மடிச்சது, ஒருத்தன் குலசாமி பேரைக்கூட எழுதி வச்சிருந்தான். பதினெட்டு போயிடுச்சு. பத்தொம்பதாவதைத் தூக்கினாங்க.

முத்திரை ஆட்டோ மேல பளிச்சுன்னு இருக்கு. சீட்டு உச்சியில, நீல மையில, தேளு நிக்குது. கொடுக்கைத் தூக்கிக்கிட்டு.

நான் போட்டது எனக்கே தெரியாது சார். அந்த மறைப்புக்குள்ளே கை எப்போ பேனாவை எடுத்துச்சு, எப்போ போட்டுச்சு? காகிதத்தைக் கண்டிருக்கு, போட்டிருக்கு. சண்டாளக் கை.

திருமேனி குதிச்சான். "இது எங்க ஓட்டு மேடம்! குத்து சுத்தமா இருக்கு. இதை எப்படித் தள்ளுவீங்க?"

அந்த அம்மா இருமிட்டுச் சொன்னாங்க: "ஓட்டுப் போட்டது யாருன்னு காட்டுற மாதிரி குறி இருந்தா சீட்டு செல்லாது."

"பிள்ளையார் சுழி மேடம்! எங்க ஊர்ல கோலம் போட உட்கார்ந்தாக்கூட முதல்ல அதைத்தான் போடுவாங்க. அதைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியுமா? ஆயிரம் பேர் போடுவான். யாருன்னு யாராவது சொல்லட்டும், நான் விட்டுடுறேன்!"

நல்லாப் பேசினான். நியாயமாவும் பேசினான். அந்த அம்மா யோசிச்சாங்க. சீட்டை ஒரு அட்டையில வச்சு வலையோரம் கொண்டுவந்து வள்ளி முன்னால நீட்டினாங்க. "நீங்க எதிர் வேட்பாளர். உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா? இந்தக் குறி யாரோடதுன்னு உங்களால சொல்ல முடியுமா? முடியும்னா சொல்லுங்க, இதைத் தள்ளிடுறேன். முடியாதுன்னா எண்ணித்தான் ஆகணும். எண்ணினா ரெண்டு பேரும் சமம். அப்புறம் குலுக்கல்தான்."

புரியுதா சார்? தெரியும்னு அவ ஒத்த வார்த்தை சொன்னாப் போதும். ஜெயிச்சா. நாற்காலி அவளுக்கு. ஆனா அப்புறம் சொல்லணும்ல, யாருதுன்னு? அத்தனை பேர் முன்னால, திருமேனி முன்னால: "இது என் வீட்டுக்காரர் சுழி, ஆட்டோ மேல குத்தியிருக்கிறது என் வீட்டுக்காரர்"னு.

வள்ளி பையிலேருந்து கண்ணாடியை எடுத்தா. முந்தானையில தொடைச்சா. போட்டுக்கிட்டா. குனிஞ்சு பார்த்தா.

எவ்வளவு நேரம் பார்த்தாங்கிறீங்க? நான் இந்தூருக்குப் போய்ச் சரக்கை இறக்கிட்டுத் திரும்பி வந்திருக்கலாம் சார். நான் அவளுக்குப் பின்னால, துண்டை இழுத்து சட்டைப்பை மேல போட்டு பேனாவை மறைச்சுக்கிட்டு நிக்கிறேன். காத்தாடி ஓடுது, எனக்கு முதுகுல வேர்வை ஆறா ஓடுது. கண்மணி நகத்தைக் கடிக்கிறா.

வள்ளி நிமிர்ந்தா. கண்ணாடியைக் கழட்டினா.

"தெரியலைங்க. யாரோ நல்ல காரியம்னு நெனைச்சுச் சுழி போட்டிருக்காங்க. பாவம், எண்ணிடுங்க."

அப்பாடா! பார்த்தீங்களா சார்? அவளுக்கு அடையாளம் தெரியல. கண்ணாடி பழசு, பவர் மாறிப் போயிருக்கும். அதோட, தபால்காரர் காட்டின காலமெல்லாம் எப்பவோ. அவளுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பா. பொய் சொல்ற பழக்கம் அவளுக்குக் கெடையாது. எங்க வீட்டுல அந்தத் துறை என்னோடது.

இல்லையா?

சரி, குலுக்கல். ரெண்டு துண்டுச் சீட்டுல பேர் எழுதணும். "பேனா குடுங்க"ன்னாங்க அந்த அம்மா. அவங்க பேனா எழுதல. அங்கே அத்தனை பேனா இருக்கு சார், அந்த நேரம் பார்த்துத் திருமேனி, "அடைக்கலண்ணன் பையில இல்லாத பேனாவா?"ன்னு என் துண்டை விலக்கி எடுத்துக் குடுத்தான். அந்த அம்மா மூக்கைச் சிந்திக்கிட்டே, "நீங்களே எழுதிடுங்களேன்"னு பேனாவையும் துண்டுச் சீட்டையும் என்கிட்டத் திருப்பி நீட்டிட்டாங்க.

வாங்கினேன். பேனா முனை காகிதத்துக்கிட்டப் போகுது. பேர் எழுதுற நடுவுக்குப் போகல சார், நேரா உச்சிக்குப் போகுது. எனக்குத் தெரியுது, நிறுத்த முடியல. வாலைத் தூக்கப் போகுது...

வள்ளி என் மணிக்கட்டைப் பிடிச்சா. "நீங்க எழுத வேணாம். மேடமே எழுதட்டும்."

என் கையெழுத்து கோழி கெளறினாப்புல இருக்கும்னு அவளுக்குத் தெரியும். அதுக்குத்தான். உங்க குஞ்சுகளைத் தப்பாச் சொல்லல.

அந்த அம்மாவே எழுதினாங்க. ஒரு டிபன் டப்பாவுல போட்டுக் குலுக்கினாங்க. ஒரு பெண் போலீஸைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு பிரிச்சுது. படிக்கலை, திருப்பி எங்க பக்கம் காட்டுச்சு.

வள்ளிக்கண்ணு.

நான் அழுதுட்டேன். வள்ளி அழல. கண்மணிகிட்டப் போய் அவ கன்னத்தைத் தொட்டுட்டு வந்தா. ஊருக்கு வந்தோம், வெடி போடுறானுங்க, மாலையோட ஊர்வலம் வீட்டுக்கு வருது. வாசல்ல ஆரத்தி கரைச்சு வச்சிருக்காங்க. இவ ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு, ஆரத்திகூட எடுக்காம, எல்லாருக்கும் முன்னால விறுவிறுன்னு உள்ளே போனா. ஜன்னல் வழியாப் பார்த்தேன். சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைக் கழட்டினா. சிலிண்டர் வந்த தேதியெல்லாம் நான் குறிச்சு வைக்கிற காலண்டர், மாசத்துக்கு ஒரு சுழி போட்டிருப்பேன். அதைச் சுருட்டி அரிசி அண்டாவுக்குள்ளே அமுக்கி மூடிட்டு, வெளியே வந்து ஆரத்திக்கு நின்னா. அப்புறம்தான் கூட்டம் உள்ளே போச்சு. திருமேனிகூட வந்து காபி குடிச்சுட்டுப் போனான். பழைய காலண்டர், வருஷம் முடியப் போகுது, நாலு பேர் வர்ற எடத்துல நல்லா இருக்காதுன்னு எடுத்திருப்பா. இல்லையா சார்? வேற எதுக்கு?

அஞ்சு வருஷம். சொன்ன மாதிரி நாற்காலியில அவதான். ஆபீஸ் சாவி அவ இடுப்புல. நான் வாசல் பெஞ்சுல. ஒரு வகையில பாதுகாப்புக்குன்னு வச்சுக்கங்களேன், வர்றவங்களை விசாரிச்சு உள்ளே அனுப்புறது. நான் அனுப்பாட்டியும் போவாங்க. மேலத்தெருவுக்கு அவ தண்ணி டேங்க் ஒண்ணு கட்டினா, அதுக்கு நான்தான் ஐடியா குடுத்தேன்னு நாலு பேர்கிட்டச் சொன்னேன், யாரும் நம்பல. ஜெயிச்ச அன்னையிலேருந்து மளிகைச் சீட்டை அவளே எழுதுறா. எனக்கு வேலையைக் குறைக்கிறாளாம். மனுவா, பாரமா, எதையும் என் கையில குடுக்கிறதில்லை. ஒரு வார்த்தை, அந்தச் சீட்டைப் பத்தி ஒத்த வார்த்தை, இந்த அஞ்சு வருஷத்துல பேசினதில்லை.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும் சார். சில நாள் சோத்தைப் போட்டுக்கிட்டே என் கையைப் பார்ப்பா. அன்னைக்குச் சோறு இறங்காது. தெரிஞ்சா திட்டியிருக்கணும்ல? நாலு சாத்து சாத்தியிருந்தாலும் நிம்மதியாப் போயிருக்கும்.

இப்போ மறுபடி தேர்தல். மறுபடி கண்மணிதான் எதிர்த்து. இந்தத் தடவையும் நூலிழையிலதான் நிக்குதுன்னு பேசிக்கிறாங்க. பத்து நாளா வள்ளி வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்டா. திருமேனி வீட்டுக்கும் போய்க் கேட்டா சார்! என்கிட்ட மட்டும் கேட்கல. ஒரே வீட்டுல இருக்கேன், ஒரே தட்டுல துவையல் தொட்டுக்கறோம், கேட்கல. மறந்திருப்பாளா? காலையில கெளம்பும்போதும் நான் வாசல்ல வேணும்னே நின்னேன். "சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னுட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அதான் இங்கே உட்கார்ந்திருக்கேன். யாருக்குப் போடணும்னு எனக்குத் தெரியும் சார், அதுல குழப்பமில்லை. இந்தக் கையை நினைச்சாத்தான்... மணி என்ன? நாலு முப்பத்தஞ்சா?

ஐயோ. சார், அதோ சைக்கிள்ல வர்றது அவதான். நீங்க ஒண்ணும் கேட்காத மாதிரி பஸ் வர்ற பக்கம் பாருங்க.

"என்னங்க, இன்னும் போகலையா?"

இல்ல வள்ளி, வரிசை...

"வரிசையா? அங்கே போலீஸ்காரரு மட்டும்தான் நிக்கிறாரு. எந்திரிங்க."

இதோ, இந்த சாரை பஸ் வந்ததும் ஏத்திவிட்டுட்டுப்...

"அவருக்கு ஏறத் தெரியும். இங்கே திரும்புங்க. அதைக் குடுங்க."

எதை?

"பேனாவை. உள்ளே அது வேணாம், அங்கே முத்திரை தருவாங்க."

வள்ளி... நான்... அன்னைக்கு...

"நேரமாச்சுங்க. யாருக்கு வேணாப் போடுங்க. இந்தத் தடவை செல்லுற மாதிரி போடுங்க."

போயிட்டா.

சார், கேட்டீங்களா? நீங்களும் கேட்டீங்கதானே? பேனாவை எடுத்துக் கொண்டையில செருகிக்கிட்டுப் போறா பாருங்க. திரும்பிக்கூடப் பார்க்கல. அஞ்சு வருஷம் சார்! அரிசி அண்டாவுக்குள்ளே போட்டு மூடி வச்சிருந்திருக்கா. நான் என்னமோ கண்ணாடி பவருன்னு... பவரு!

உங்க பஸ் வந்துடுச்சு. ஏறுங்க, பெட்டியைப் பிடிங்க, பார்த்து, குஞ்சு. நானும் கெளம்பறேன். இந்தக் கையைப் பாருங்க, பேனா இல்லேன்னதும் வேட்டி மேலேயே சுழி போட்டுக்கிட்டு வருது. போடட்டும், மை இல்லாத சுழிதானே, யாரு கண்டா.

ஐயையோ, உள்ளே விரல்ல மை வைப்பாங்களே சார்! எந்தக் கையில வைப்பாங்க? கண்டக்டர் ஐயா, ஒரு நிமிஷம், விசில் அடிக்காதீங்க, நீங்க காலையில போட்டுட்டீங்கதானே, கையைக் காட்டுங்க. இடது கையா?

இடது கைதான். அப்போ சரி. போங்க, போங்க. இடது கைக்குச் சுழி போடத் தெரியாது.